வெள்ளைக் கண் மீன்

சில வாரங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிறு மதியம், எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு மீன்.

மீனுக்குப் பின்னால் ஒரு மனிதர். என்னைவிட ஒரு முழம் உயரம். பத்திரிகைத் தாளில் சுற்றிய மீனை, ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கி வருகிறவர் போல இரண்டு கைகளிலும் வைத்திருந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. மீனின் தலையைச் சொல்கிறேன்.

முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த நாட்டில் என்ன கொண்டுபோவார்கள்? பூங்கொத்து. வைன். மிஞ்சினால் சொக்லேட். இவ்வளவு காலம் ஒஸ்லோவில் இருந்தும், மீனோடு வந்த விருந்தாளியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்று காலை பிடித்தது, யோர்ஸ் என்றார் அவர். பிறகுதான் தன் பெயரைச் சொன்னார். ஒட்வார்.

யோர்ஸ் என்பது தெற்கு நோர்வேயின் ஆறுகளிலும் ஏரிகளிலும் இருக்கிற ஒரு நன்னீர் மீன். கனடா வாசகர்களுக்கு ஒரு குறிப்பு – நீங்கள் ‘வால்ஐ’ என்று சொல்கிறீர்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம், ருசியோ அபாரம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த விருந்து நல்லபடியாக முடிய வேண்டும்.

ஏன்? சொல்கிறேன்.

துரொண்ட்ஹெய்முக்குப் பொறியியல் படிக்கப் போன எங்கள் மகள் மயூரி, பட்டத்தோடு சேர்த்து லாஷ் என்ற பையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒட்வாரின் ஒரே மகன். நல்ல பிள்ளை. சோற்றைக் கையால் சாப்பிடப் பழகிவிட்டான். முழங்கை வரைக்கும் சாப்பிடுகிறான், அது வேறு விஷயம். இருவரும் அங்கேயே வேலை எடுத்து, கல்யாணம் செய்யப் போகிறோம் என்றார்கள்.

நான் ஓம் என்றேன். என் மனைவி ரஞ்சினி “பாப்பம்” என்றாள்.

யாழ்ப்பாணத்துப் ‘பாப்பம்’ எப்படிப்பட்ட சொல் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு ஓம் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை. அதை வைத்துக்கொண்டு மண்டபம் பதிய முடியாது.

“அம்மா ஓம் எண்டு சொல்லாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்” என்று மயூரி என்னிடம் சொல்லியிருந்தாள். “சொல்லாட்டில், இப்பிடியே இருந்திடுவன் அப்பா.” பிடிவாதம் தாய்வழி. சொன்னதைச் செய்வாள் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயம்.

பெரியவர்கள் முதலில் தனியாகச் சந்திக்கட்டும் என்பது பிள்ளைகளின் ஏற்பாடு. தாங்களும் இருந்தால் நாங்கள் நடிப்போமாம். ஒட்வாரின் மனைவி, லாஷ் சின்னவனாக இருக்கும்போதே தவறிவிட்டார். ஆகவே மனிதர் தனியாக வந்து நின்றார். மீனோடு.

அவர் பல் வைத்தியர். இதை அறிந்த நாளில் ரஞ்சினி கொஞ்சம் இளகியது உண்மை. பல் என்றாலும் டொக்டர் டொக்டர்தானே?

நான் மீனை வாங்கிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். ரஞ்சினி தாளைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றது.

இங்கே என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் வேலை செய்வது குழந்தைகள் காப்பகத்தில். ஆனால் அவளுடைய உண்மையான படிப்பு மீன் வாங்குவதில்தான். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் மீன்கடைக்காரர் அவளைக் கண்டால், முன்வரிசையில் இருக்கிற மீன்களைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடுவார். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். வயிற்றை விரலால் அமத்திப் பார்ப்பாள். ஆனால் கடைசித் தீர்ப்பு கண்ணில். கண் கறுப்பாகக் கண்ணாடி போல இருந்தால் புது மீன். வெள்ளை படர்ந்திருந்தால் பழசு. அப்பீல் கிடையாது.

ஒட்வாரின் மீனுக்குக் கண் வெள்ளை.

“இது செத்து மூண்டு நாள்” என்றாள்.

காலையில் பிடித்ததாகச் சொல்கிறாரே என்று மெல்லச் சொன்னேன்.

“கண்ணைப் பாருங்கோ. சுண்ணாம்பு பூசின மாதிரிக் கிடக்கு. செவுளையும் எடுத்துப்போட்டுத்தான் கொண்டந்திருக்கிறார். ஏன் எடுத்தவர்? நாங்கள் பாப்பம் எண்டுதானே?”

மணக்கவில்லையே என்றேன். ஐஸில் வைத்திருந்தால் எப்படி மணக்கும் என்று கேட்டாள். (ஒரு வாசகர் போன வாரம் மின்னஞ்சலில் கேட்டிருந்தார் – உங்கள் பத்தியில் மட்டும் ஏன் எப்போதும் மனைவியே வெல்கிறார்? ஐயா, நான் எழுதுவது அனுபவப் பத்தி. கற்பனைக் கதை அல்ல.)

நோர்வேக்காரர் மீனைப் பிடித்த கையோடு இரத்தம் வடியவிட்டு, செவுளையும் குடலையும் எடுத்துவிடுவார்கள் என்பதும், அப்படிச் செய்வது மீன் கெடாமல் இருக்கத்தான் என்பதும் இப்போது தெரிகிறது. அன்று அது எங்கள் குசினியில் தடயத்தை அழித்த குற்றமாகத்தான் பட்டது.

ரஞ்சினி சத்தம் போடவில்லை. மீனை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி, பின்படியால் இறங்கிக் கீழே குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஃபிரீசரைத் திறந்து, விசேஷத்துக்கென்று வைத்திருந்த, எங்கள் ஊர்க் கடல் மீனான அறக்குளாத் துண்டுகளை எடுத்தாள். பாதியைப் பொரித்தாள். பாதியைக் குழம்பு வைத்தாள்.

அதுவரைக்கும் நான் ஹோலில் ஒட்வாரோடு இருந்தேன். மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு மழை இல்லாததைப் பற்றிக் கதைத்தோம்.

சாப்பாடு வந்தது. ஒட்வார் மீனைப் பார்த்தார். ஒரு துண்டை வாயில் வைத்தார். மெல்ல மென்றார்.

பிறகு, யோர்ஸை இவ்வளவு ருசியாகத் தான் சாப்பிட்டதே இல்லை என்றார்.

மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். உறைப்பில் காது இரண்டும் சிவந்துவிட்டன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாலாவது முறைக்கும் தட்டை நீட்டினார். ரஞ்சினி போட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் நல்ல நடுத்துண்டாகத்தான் பார்த்துப் போட்டாள்.

அவர் போனபின் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

“முதன்முதலா வீட்டுக்கு வரேக்கை, பழுதான மீனைக் கொண்டு வந்து, காலமை பிடிச்சது எண்டு பொய்யும் சொல்லுற ஆள். அப்ப எங்களை என்னெண்டு நினைச்சிருக்கிறார்? அகதியாய் வந்ததுகள், எதைக் குடுத்தாலும் தின்னுங்கள் எண்டோ?”

இதுதான் அவளைக் குத்தியது. மீன் அல்ல. இந்த நாட்டில் எத்தனையோ பேர் எங்களுக்கு மிச்சத்தைத் தந்திருக்கிறார்கள். பழைய உடுப்பு, பழைய கட்டில், பழைய சைக்கிள். நன்றி சொல்லித்தான் வாங்கினோம். ஆனால் பிள்ளையைக் கேட்டு வருகிறவரும் மிச்சத்தோடு வந்தால்...? அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தபின் நான் வாதாடவில்லை. எனக்கும் உள்ளூரச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த நாள் துரொண்ட்ஹெய்மில் இருந்து ஃபோன். விருந்து எப்படி என்று மயூரி கேட்டாள். சுற்றி வளைத்துச் சொன்னேன். பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

“அப்பா, அம்மாக்குப் பிடிக்காதது லாஷையோ, மீனையோ?”

“இப்போதைக்கு மீனை” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஃபோனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். அந்த மூச்சுச் சத்தம் பல நாள் என் காதில் இருந்தது.

வாரங்கள் போயின. ‘பாப்பம்’ கூட இப்போது வீட்டில் கேட்பதில்லை. இந்த நிலையில் ஒட்வார் ஃபோன் எடுத்தார். சனிக்கிழமை பின்னேரம் யோர்ஸ் பிடிக்கப் போகிறாராம். நாங்கள் இருவரும் வர முடியுமா?

மறுக்க நான் ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ரஞ்சினி, வருகிறோம் என்று சொல்லச் சொன்னாள்.

“அவர் மீன் பிடிக்கிறவரோ, கடையிலை வாங்கிறவரோ எண்டு நேரிலை பாப்பம்.”

எனவே போன சனிக்கிழமை நாங்கள் மீன்பிடிக்கப் போகவில்லை. விசாரணைக்குப் போனோம்.

எந்த ஏரி? அதை எழுதமாட்டேன். இடத்தைப் பத்திரிகையில் போடக்கூடாது என்று ஃபோனில் வழி சொல்லும்போதே ஒட்வார் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். சொந்தத் தம்பிக்கே இன்னும் சொல்லவில்லையாம். ஒஸ்லோவுக்குத் தெற்கே, ஒரு பக்கம் ஆறு வந்து விழுகிறது, மறுபக்கம் அணை கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் ஈமெயில் அனுப்பிக் கேட்க வேண்டாம்.

கரையில் எங்களைக் கண்டதும் ஒட்வார், “சென்ற முறைக்கு நன்றி” என்றார். இரண்டாம் முறை சந்திக்கும்போது நோர்வேக்காரர் எல்லோரும் சொல்கிற வழக்கமான வார்த்தைதான். இருந்தும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ரஞ்சினி ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டி ரோல்ஸும் கொண்டுவந்திருந்தாள். கோபம் வேறு, ரோல்ஸ் வேறு. சல்வாருக்கு மேல் குளிர் ஜாக்கெட், அதற்கு மேல் மிதவை அங்கி. அசையாமல் படகின் நடுவில் உட்கார்ந்தாள்.

தண்ணீரைப் பார்த்து எனக்கு ஏமாற்றம். நோர்வே என்றால் அடிக்கல் தெரிகிற தண்ணீர் என்றுதானே நினைப்போம்? இது தேத்தண்ணி நிறம். சுற்றிவர வயல், மழைக்குக் களிமண் கரைந்து வருகிறது.

இங்கேதான் யோர்ஸ் இருக்கும் என்றார் ஒட்வார். தெளிந்த தண்ணீரில் தேடி நாளை வீணாக்கக் கூடாது. கலங்கல் வேண்டும். பகலில் ஆழத்தில் கிடக்கும். வெயில் சாயச் சாய, அடித்தரை சட்டென்று பள்ளமாகிற விளிம்புக்கு ஏறி வந்து சின்ன மீன்களைத் தின்னும். அந்த விளிம்பைக் கண்டுபிடித்தால் பாதி மீன் பிடித்த மாதிரி. படகில் ஒரு சின்னத் திரை இருந்தது. அடித்தரையின் மேடு பள்ளத்தை அது கோடாகக் காட்டியது. கோடு கீழே விழுந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினார்.

தூண்டில் நுனியில் ஒரு ரப்பர் மீன். அது அடியைத் தொட வேண்டும். மெல்லத் தூக்கி, திரும்ப இறங்க விட வேண்டும். இறங்கும்போதுதான் கடிக்குமாம்.

கடித்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தெரியும்” என்றார். மற்றவர்களின் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தான் பேசாமல் வேலை செய்து பழகியவர்.

நான் முதலில் ஒரு மரக்கொப்பைப் பிடித்தேன். பிறகு என் ஜாக்கெட்டைப் பிடித்தேன். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. காற்று படகை மெல்ல நகர்த்த, எஞ்சினைச் சரிசெய்யப் போன ஒட்வார் தன் தூண்டில் தடியை ரஞ்சினியின் கையில் கொடுத்தார். சும்மா பிடித்துக்கொள்ளுங்கள் என்று.

தடி வளைந்தது.

“இஞ்சாருங்கோ... இது இழுக்குது.”

நான் எழும்பப் போனேன். உட்காரும்படி இருவரும் இரண்டு மொழியில் சொன்னார்கள். ரஞ்சினி பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். மீனோடு தமிழில் கதைத்தாள். வா, வா, எங்கை போகப்போறாய் என்றெல்லாம். ஒட்வார் கைவலையோடு முழங்காலில் நின்றார். ஒரு வெள்ளி வயிறு புரண்டது. அடுத்த நிமிடம் மீன் படகுக்குள் கிடந்து துடித்தது. என் முழங்கை நீளம். முதுகில் முள்ளுச் சிறகு விரிந்து நின்றது.

ஒட்வார் அதன் வாயைத் திறந்து, முன்னால் இருந்த இரண்டு கோரைப் பற்களைக் காட்டினார். தொழில் பெருமை.

ரஞ்சினி பல்லைப் பார்க்கவில்லை. குனிந்து கண்ணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வெள்ளை.

மீன் வாலை அடித்தது. செவுள் திறந்து திறந்து மூடியது. உள்ளே இரத்தச் சிவப்பு. கண் மட்டும் வெள்ளை படர்ந்து, அன்று எங்கள் குசினியில் கிடந்த அதே கண்.

“உயிரோடை இருக்கு” என்றாள் ரஞ்சினி. என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணைப் பார்க்கிறாள் என்று கண்டுகொண்ட ஒட்வார் விளக்கினார். இந்த மீனின் கண்ணுக்குள் பின்புறம் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறதாம். கலங்கல் தண்ணீருக்குள் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பார்க்கும். அதனால்தான் வெளியே எடுத்தால் குருட்டுக் கண் மாதிரித் தெரிகிறது. இந்த ஏரியிலேயே நன்றாகப் பார்க்கிற கண் அதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் கடல் மீனுக்குப் பழகிய அளவுகோலால் இந்த நாட்டு ஏரி மீனை அளந்திருக்கிறோம். மீனை மட்டுமா அளந்தோம்? அந்த மனிதரையும் சேர்த்து அளந்து, கட்டி, குப்பையில் போட்டுவிட்டோம்.

ரஞ்சினி என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்கோ அவருக்கு.”

“நீரே சொல்லும்” என்றேன். வீரத்தில் நான் எப்போதும் இரண்டாம் ஆள்தான்.

அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அன்று நீங்கள் கொண்டுவந்த மீனைப் பழுதானது என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்து நினைத்தேன். குப்பையில் போட்டேன். நீங்கள் சாப்பிட்டது வேறு மீன்.

ஒட்வார் மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்தார். கையைத் துடைத்தார்.

“தெரியும்” என்றார்.

முதல் வாயிலேயே தெரிந்ததாம். முள் வேறு, சதை வேறு. ஐம்பது வருஷமாக யோர்ஸ் தின்றவனுக்குத் தெரியாதா?

பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

“என்ன தந்தாலும் சாப்பிடு, ஒரு பிழையும் விட்டுவிடாதே என்று லாஷ் சொல்லி அனுப்பினான். மீன் மாறியிருந்தது. அப்படியென்றால் நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன். என்ன பிழை என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாளும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அம்மாவும் இல்லை. என்னால் கெட்டுப்போய்விட்டதோ என்று...”

மூன்று முறை, நாலு முறை உறைப்புக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே... அது ருசிக்கு அல்ல. மகனுக்காக. எங்களைப் போலவே அவரும் பயந்துபோய்த்தான் அந்த மேசையில் இருந்திருக்கிறார். மிதவை அங்கியின் வாரைச் சரிசெய்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரஞ்சினி ரோல்ஸ் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்தார். உறைப்பா என்று கேட்டார். இல்லை, உங்களுக்கென்று குறைத்துப் போட்டது என்றாள். எப்போது போட்டாள்? கோபமாக இருந்த காலை! சில விஷயங்களை நான் ஆராய்வதில்லை.

கரைக்கு வந்தோம். ஒட்வார் மீனை ஒரு பலகையில் வைத்தார். வழக்கப்படி செவுளை எடுக்கப் போனார். ரஞ்சினி தடுத்தாள். தானே துப்புரவாக்கித் தானே சமைத்து, இன்றைக்கே எங்கள் வீட்டில் சாப்பிட வைக்கப் போகிறாளாம். ஆனால் இந்தச் செதில் பொல்லாத செதில். விரலால் சுரண்டிப் பார்த்தாள், கழன்று வரவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“சம்பந்தியிட்டை ஒருக்கால் கேளுங்கோ, கத்தி தருவாரோ எண்டு.”

எனக்குச் சரியாகத்தான் கேட்டதா? அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் செதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்கிறார் என்று ஒட்வார் கேட்டார். கத்தி வேண்டுமாம் என்றேன். மற்றச் சொல்லுக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் கிடையாது. அதை விளக்கப் போனால் நான் அழுதுவிடுவேன் என்றும் தெரிந்தது.

அவர் கத்தியை எடுத்துக் கொடுக்க, நான் கொஞ்சம் தள்ளிப் போய் மயூரிக்கு எஸ்.எம்.எஸ். அடித்தேன். என்ன நடக்குதோ என்று பின்னேரம் முழுக்கத் துரொண்ட்ஹெய்மில் காத்திருக்கிற பிள்ளை. நீட்டி எழுதக் கை வரவில்லை. ஒரு சொல்தான் அனுப்பினேன்: ‘சம்பந்தி’.

உடனே பதில் வந்தது.

“அது என்ன மீன், அப்பா?”